ஒழுகும் கூரையும் பத்து மாத அட்வான்சும்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஹெப்பகோடியில் பொழுது சாயும் நேரத்துக்கு மழை இறங்கிவிடுகிறது. ஊரில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர்கள் இந்த மழைக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கும் நமது குடும்பங்களோ மழை தொடங்கியதும் வானத்தைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்க்கிறார்கள். எந்த மூலையில் பாத்திரம் வைப்பது, குழந்தையை எந்தப் பக்கம் படுக்க வைப்பது, ஈரம் பட்ட சுவிட்சைத் தொடலாமா வேண்டாமா என்பதே அவர்களுடைய கவலையாக இருக்கிறது.

சென்ற மாதம் நமது சங்க அலுவலகத்துக்கு ஒரு தம்பதியர் வந்தார்கள். தருமபுரி மாவட்டத்திலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகளாக இப்பகுதியில் உழைத்துப் பிழைப்பவர்கள். கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. ஓர் அறையும் சமையல் மூலையும் கொண்ட வீடு; மாத வாடகை ஆறாயிரம்; அட்வான்ஸ் அறுபதாயிரம். தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கட்டில் மேல் விழுந்திருக்கிறது. கம்பி வெளியே தெரிகிறது. சுவரில் நீர் இறங்கி, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. வீட்டுக்காரரிடம் நான்கு முறை சொல்லியாயிற்று. மூன்று முறை "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றவர், நான்காம் முறை, "கஷ்டமா இருந்தா காலி பண்ணிக்கோங்க, புது ஆள் வந்ததும் அட்வான்ஸ் தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

"அண்ணா, வாடகையை நிறுத்திடலாமா?" என்று கணவர் கேட்டார். மனைவி சொன்னது வேறு: "போனா பணம் போச்சுங்க. இருந்தா பயமா இருக்குதுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் நமது மக்களின் வீட்டுப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். ஆகவே இம்மாதத் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வாடகைக்கு இருப்பவனுக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1882-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. வீட்டுக்காரருக்குத் தெரிந்த, குடிவருபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதேனும் இருந்தால், அதை அவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தாம் செய்து தரக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே அதைச் செய்து, ஆன செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக் கொள்ளலாம். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உரிமை ஏட்டில் இருக்கிறது. ஹெப்பகோடியில் இதைப் பயன்படுத்தியவர் ஒருவரையாவது நாம் கண்டதில்லை.

ஏன்? அந்த வாசகத்தில் இருக்கும் "கடமைப்பட்ட" என்ற ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். எந்தப் பழுதைச் சரிசெய்ய வீட்டுக்காரர் கடமைப்பட்டவர் என்பதை அந்தச் சட்டம் தானாகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். அல்லது அந்த ஊர் வழக்கமாக இருக்க வேண்டும். நாம் கையெழுத்துப் போடும் அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது? மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை தரவேண்டும். ஆணி அடிக்கக் கூடாது. காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பதினொரு மாதத்துக்கு எழுதுவதும் காரணத்தோடுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். பதினொரு மாதம் என்று போட்டால் அந்தச் செலவும் இல்லை, சாட்சியும் இல்லை. பலருக்கு அந்தக் காகிதமும் கிடையாது. வாய்வார்த்தையில் குடிவந்து, வாய்வார்த்தையில் விரட்டப்படுகிறார்கள்.

கர்நாடகத்தில் தனி வாடகைச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் 2001-ஆம் ஆண்டின் முடிவில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்கு ஒரு வாடகை வரம்பு உண்டு. பெரிய நகரப் பகுதிகளில் மாதம் 3,500 ரூபாய், மற்ற இடங்களில் 2,000 ரூபாய். அதற்கு மேல் வாடகையுள்ள வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இன்று ஹெப்பகோடியில் 3,500 ரூபாய்க்கு யாருக்கு வீடு கிடைக்கிறது? 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது; ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் வந்தது. ரயில் வந்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நிலையத்துக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வாடகையை ஏற்றுகிறார்கள். ஒழுகும் கூரை அப்படியே ஒழுகுகிறது. வாடகை ஏறிக்கொண்டே போக, சட்டத்தின் வரம்பு அசையாமல் நிற்க, ஏழைக் குடியிருப்பாளரைக் காப்பதற்காக எழுதிய சட்டம் ஏழைக்கே எட்டாமல் போய்விட்டது.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அதில் குறைகளும் இருக்கின்றன. ஆனால் பழுதுபார்ப்பு விஷயத்தில் அது தெளிவாகப் பேசுகிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் மின்சார வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாசர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் செய்து கொண்டு, அடுத்தடுத்த மாதங்களின் வாடகையில், ஒரு மாதத்துக்குப் பாதி வாடகைக்கு மிகாமல், கழித்துக் கொள்ளலாம். பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலையில், எழுத்தில் கேட்டும் வீட்டுக்காரர் மறுத்தால், பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம். அல்லது வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்பு வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

ஆனால் அது மாதிரிதான். மாநில சட்டமன்றம் தன் சட்டமாக இயற்றினால்தான் அதற்கு உயிர். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூருக்குள் போனால், தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் அட்வான்சை மூன்று மாத வாடகைக்கு மட்டுப்படுத்துகிறது. அங்கும் எல்லா வீட்டுக்காரரும் அதன்படி நடக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் பத்து மாத அட்வான்ஸ் என்பது சட்டமும் அல்ல, தர்மமும் அல்ல. வழக்கம் என்ற பெயரில் நிலைத்துவிட்ட ஒன்று.

இந்தப் பத்து மாத அட்வான்சே எல்லாவற்றுக்கும் ஆணிவேர் என்பது நமது கருத்து. அறுபதாயிரம் ரூபாய் என்பது நமது தொழிலாளிக்கு என்ன? சீட்டு எடுத்த பணம். மனைவியின் நகையை அடகு வைத்த பணம். ஊரில் அண்ணன் தம்பியிடம் கைமாற்று வாங்கிய பணம். அது வீட்டுக்காரர் கையில் இருக்கும் வரை குடியிருப்பவர் வாய் திறக்க மாட்டார். திறந்தால், "காலி பண்ணிக்கோ" என்ற ஒரே வார்த்தையில் அவரை அடக்கிவிடலாம். போக்கியத்துக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, சுவர் வெடித்த வீட்டில், கெடு முடியும் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உரிமை ஏட்டில் இருந்தும் பயனில்லாமல் போவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. நமது பணம் அவர்களிடம் பணயமாக இருக்கிறது.

இதைத் தாமதப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே ஓசூர் சாலையைப் பிடித்து நகருக்குள் போனால், நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் பக்கத்தில் லக்கசந்திரா இருக்கிறது. 2021 செப்டம்பர் 27 அன்று அங்கே ஒரு மூன்று மாடிப் பழைய கட்டடம் சரிந்து விழுந்தது. அதில் தங்கியிருந்தவர்கள் மெட்ரோ கட்டுமானத் தொழிலாளர்கள். கட்டடம் சாய்வதைக் கண்டு முன்னதாக வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்ட குடியிருப்பாளர்கள் வெளியேறியிருந்ததால் அங்கும் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு இடங்களிலும் ஆபத்தை முதலில் கண்டது யார்? உள்ளே படுத்து எழுந்தவர்கள். சுவர் பேசுவது அவர்கள் காதில்தான் முதலில் விழுகிறது. ஆகவே குடியிருப்பவரின் புகாரைத் தொந்தரவு என்று ஒதுக்குவது கட்டடத்தின் காவல்காரனை விரட்டுவதற்குச் சமம்.

பிழைக்கப் போன இடத்தில் புகார் செய்தும் கேட்பாரற்றுப் போன கதை நம் நாட்டோடு நிற்பதல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சூடானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வாடகை வீட்டின் சுவர்களில் படர்ந்த பூஞ்சையே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயராலேயே அறியப்படும் சட்டம் அங்கே வந்தது. 2025 அக்டோபர் முதல், சமூக வாடகை வீடுகளில் உயிருக்கு ஆபத்தான அவசரப் பழுதை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பிறகே கிடைத்த 24 மணி நேரம் அது. நாம் அந்த விலையைக் கொடுக்காமல் விழித்துக் கொள்ள வேண்டாமா?

இனி அந்தத் தம்பதியரின் கேள்விக்கு வருவோம். வாடகையை நிறுத்தலாமா? நிறுத்த வேண்டாம் என்பதே நமது பதில். கோழைத்தனத்தால் இப்படிச் சொல்லவில்லை. 1915-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மேரி பார்பர் போன்ற பெண்களின் தலைமையில் உயர்த்திய வாடகையைத் தர மறுத்துப் போராடினார்கள். அந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் அரசு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அங்கே மறுத்தது ஒரு குடும்பமல்ல. தெருத்தெருவாக, ஆயிரக்கணக்கான குடும்பங்கள். தனித்து ஒரு குடும்பம் வாடகையை நிறுத்தினால் அது போராட்டமாகாது, வெறும் பாக்கியாகும். ஒழுகும் கூரையைப் பற்றிய வழக்கு வாடகை பாக்கி வழக்காக மாறிவிடும். மாதவாடகைக் குடியிருப்பை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதினைந்து நாள் அறிவிப்பில் முடித்துவிடச் சட்டம் இடம் தருகிறது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது குற்றத்தை நாமே ஏன் தலையில் சுமக்க வேண்டும்?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? குடிவரும்போதே அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கூரை, சுவர், வயரிங், குழாய் ஆகியவற்றின் பழுதை வீட்டுக்காரர் இத்தனை நாளில் செய்து தருவார், தவறினால் குடியிருப்பவர் செய்து வாடகையில் கழித்துக் கொள்வார். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் உயிர் பெறுவது இந்த ஒரு வரியில்தான். குடிவரும் நாளன்றே சுவரையும் தளத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ போன் வழியாகவோ செலுத்துங்கள், அதுவே ரசீது.

பழுது வந்தால் வாயால் நான்கு முறை சொல்வதைவிட எழுத்தில் ஒரு முறை சொல்வது மேல். தேதி போட்டு, எது பழுது, என்ன ஆபத்து, எத்தனை நாளில் வேண்டும் என்று எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் கன்னடத்தில் இருக்கட்டும். எழுதித் தரச் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள். கெடு கடந்த பிறகு நீங்களே வேலையைச் செய்தால், கொத்தனார், எலக்ட்ரீசியன் கூலி வரை பில் வாங்குங்கள். எது அவசரம், எது அவசரமில்லை என்பதிலும் நேர்மை வேண்டும். உதிர்ந்த சுண்ணாம்பு காத்திருக்கலாம். கம்பி தெரியும் தளமும், ஷாக் அடிக்கும் சுவரும், சம்ப்பில் கலக்கும் சாக்கடையும் காத்திரா. மின்கசிவு கண்டால் முதலில் மெயினை அணையுங்கள். எலக்ட்ரீசியன் பார்க்கும் வரை போடாதீர்கள்.

கட்டடமே விழும் நிலையில் இருந்தால், ஹெப்பகோடி நகரசபை ஆணையருக்கு மனுக் கொடுங்கள். இடிந்து விழக்கூடிய கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் கர்நாடக நகரசபைகள் சட்டத்தில் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உரிமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது சிலர் தணிந்த குரலில் நம்மிடம் கேட்கிறார்கள்: "நாம வெளியூர்க்காரங்க, இங்க வந்து சட்டம் பேசலாமா?" 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் கண்ட மக்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. காவிரிப் பிரச்சினையின் பெயரால் அப்போது நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒழுகும் கூரைக்கு மொழி கிடையாது. அதே லைனில் பக்கத்து அறையில் ராய்ச்சூர்க்காரர் இருக்கிறார், எதிர் அறையில் ஒடிசாக்காரர், மாடியில் பீகார்க்காரர். எல்லாருடைய தளத்திலும் அதே கம்பிதான் தெரிகிறது. இதைத் தமிழர் கன்னடர் பிரச்சினையாக யாராவது பேசினால், அவர் தமிழராகவே இருந்தாலும், அவரை நாம் கண்டிக்கிறோம்.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்றும் நாம் சொல்ல மாட்டோம். தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் பத்து அறை கட்டி, அந்த வாடகையில் வாழும் குடும்பங்கள் இங்கே உண்டு. வாங்கிய அட்வான்சை மகள் திருமணத்துக்குச் செலவழித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் முகத்தை மறைப்பவர்களும் உண்டு. பத்து மாத அட்வான்ஸ் குடியிருப்பவரை மட்டுமல்ல, அவர்களையும் கடனாளியாக்கி வைத்திருக்கிறது. இரண்டு மாதம் என்று சட்டம் வந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி.

ஒன்றுபட்டால் நடக்கும் என்பதற்கு நம் சாலையே சாட்சி. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்குப் போட்ட புதிய தடையை எதிர்த்து ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையில் இறங்கினார்கள். இடையில் புகுந்த வன்முறை நமக்கு உடன்பாடல்ல. ஆனால் இரண்டே நாளில் மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அன்று எந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கவில்லை.

ஆகவே கர்நாடக அரசை நாம் கேட்டுக் கொள்வது இது: வாடகைச் சட்டத்தின் காலாவதியான வரம்பை நீக்குங்கள். அட்வான்சை இரண்டு மாத வாடகைக்கு மட்டுப்படுத்துங்கள். அவசரப் பழுதுக்கு நாள் கணக்கில் கெடு வையுங்கள். புகார் செய்த காரணத்துக்காக யாரையும் வெளியேற்றக் கூடாது என்று எழுதுங்கள். வரும் சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன் கையெழுத்து வாங்கும் வேலையைச் சங்கம் தொடங்குகிறது. ஒவ்வொரு லைனிலும், எந்த மொழி பேசுபவராயினும், கையெழுத்துக் கேளுங்கள்.

அந்தத் தம்பதியரின் விஷயத்தில், சென்ற ஞாயிறு அன்று அந்த லைனின் எட்டுக் குடும்பங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டன. நமது உறுப்பினர் இருவர் உடன் சென்று வீட்டுக்காரரிடம் நேரில் கொடுத்தார்கள். பேச்சு முதலில் கடுமையாக இருந்து, பிறகு தேநீர் வரவழைத்து உட்கார்ந்து பேசும் அளவுக்கு வந்தது. வயரிங் மாற்றியாகிவிட்டது. தளம் இன்னும் பாக்கி. மழை விட்டதும் செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் சங்கத்தின் கோப்பில் இருக்கிறது. மழை விடும் நாளை நாமும் கவனித்துக் கொண்டிருக்கிறோம்.